சேதனத்தில் ஒரு ‘ன’

2021 நடுப்பகுதி. நெளுக்குளத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபம். ஆளுக்காள் ஒரு மீற்றர் தள்ளி, வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். கொரோனாவுக்காகக் கட்டச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தோம். முன்னால் நின்ற உத்தியோகத்தர் சேதனப் பசளையின் மகிமையைச் சொல்லத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பனர். மேலே சிங்களம், யானை அளவில். நடுவில் ஆங்கிலம், மாட்டு அளவில். அடியில் தமிழ், நுளம்பு அளவில். அந்த நுளம்பு சொன்னது இது: ‘சேத விவசாயமே எமது எதிர்காலம்’.

கடைசி வரிசையில் யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. பனர் உத்தியோகத்தருக்கு முதுகுப் பக்கம். சனம் சேதனத்தைச் சந்தோசமாக வரவேற்கிறது என்று நினைத்து அவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்த பெரியையாவிடம், “ஒரு ‘ன’வை விட்டிட்டாங்கள்” என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“சரியாத்தானே தம்பி எழுதியிருக்கிறாங்கள்.”

இந்த நாட்டின் அரசாங்கம் தமிழில் அச்சடித்தவற்றில் பிழை இல்லாத வரி என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறதி எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் பசளை என்பதால் கொஞ்சம் ஞாபகப்படுத்திவிடுகிறேன். 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோத்தபாய ராஜபக்ஷ ‘சுபீட்சத்தின் நோக்கு’ என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார். பத்து ஆண்டுகளில் நாட்டைச் சேதன விவசாயத்துக்கு மாற்றுவோம் என்றது. விவசாயிக்குப் பசளை இலவசம் என்றும் அதே ஆள்தான் சொன்னார். ஒரு கையில் சும்மா யூரியா, மறு கையில் யூரியாவே இல்லாத நாடு. 69 இலட்சம் பேர் இரண்டு கைக்கும் சேர்த்து வாக்குப் போட்டார்கள். வன்னி போடவில்லை, ஆனால் வயிற்றில் அடி விழும்போது வாக்காளர் இடாப்பைப் பார்த்து விழுவதில்லை. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது: இரசாயனப் பசளை, பூச்சிநாசினி, களைநாசினி எதையும் இறக்குமதி செய்யக் கூடாது. பத்து ஆண்டு என்றது ஒரே இரவாயிற்று.

இதில் ஒரு குடும்பத்தின் உழைப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். 2005இல் ஓர் அந்தர் பசளையை, அதாவது 50 கிலோ மூடையை, 350 ரூபாவுக்கு இறக்கியவர் அண்ணன் மகிந்த. ஏக்கருக்கு இரண்டு அந்தர் போதும் என்ற இடத்தில் மூன்று, நாலு என்று எங்களை எறியப் பழக்கியது அந்த 350தான். அதைச் சும்மா தந்தவர் தம்பி கோத்தபாய. பிறகு, நீங்கள் அளவுக்கு மிஞ்சி எறிகிறீர்கள், மண் செத்துப்போச்சு என்று அடியோடு பறித்தவரும் அதே தம்பி. அந்த ஆண்டு குளத்துத் தண்ணீர் மூத்த அண்ணன் சமலின் அமைச்சில் இருந்தது. காசு இன்னொரு தம்பி பசிலின் அமைச்சுக்கு யூலையில் வந்து சேர்ந்தது. சேதனப் பசளைக்கு இராஜாங்க அமைச்சர் யார் என்றால், சமலின் மகன் சசீந்திர. தண்ணி பெரியண்ணனிடம், காசு சின்னத் தம்பியிடம், எரு பெறாமகனிடம். வயல் மட்டும்தான் எங்களுடையது. அதுவும் எங்களுடையதா என்று கேப்பாப்புலவுச் சனத்திடம் கேட்க வேண்டும். 2017இலிருந்து தங்கள் காணியைக் கேட்டு இராணுவ முகாம் வாசலில் குந்தியிருந்தவர்கள் அவர்கள். மண்ணின் ஆரோக்கியம் பற்றி வகுப்பெடுக்கிற அரசு, முதலில் மண்ணைத் தந்துவிட்டு வகுப்பைத் தொடங்கியிருக்கலாம்.

பெரியையாவுக்கு இந்த வகுப்பு புதிதல்ல. அவர் எண்பதுகளின் கடைசியிலிருந்தே ஓமந்தைக்கு அங்கால் வயல் செய்தவர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் அடைபட்டு, வெளியே வந்த பிறகுதான் மகள் வீடு என்று நெளுக்குளத்துக்கு வந்தார். 1990களில் வன்னிக்குள் போகக் கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரி, சீமெந்து, பெற்றோலோடு யூரியாவும் இருந்தது. தாண்டிக்குளத்தைத் தாண்டி ஒரு பிடி யூரியா போகாது. வெடிமருந்து செய்வார்களாம். அந்த ஆண்டுகளில் பூவரசங் குழை, வேப்பங் குழை வெட்டி வயலில் தாட்டு, பட்டி மாட்டை அடைத்து, சாம்பல் அள்ளி எறிந்து நெல் விளைவித்தவர்கள் அங்கே இருந்த சனம். உலகமே தேடுகிற இயற்கை விவசாயத்தை அந்தச் சனம் சோதனைச் சாவடியின் தயவில் செய்தது. விருது ஒன்றும் கிடைக்கவில்லை. ஷெல் கிடைத்தது.

“அப்ப யூரியா குண்டாகும் எண்டாங்கள்” என்றார் பெரியையா, மண்டபத்தை விட்டு வரும்போது. “இப்ப நோயாகும் எண்டுறாங்கள். நெல்லாகும் எண்டு மட்டும் ஒருத்தனும் வாய் திறக்கிறானில்லை.”

நோய்க் கதை பொய்யில்லை. அநுராதபுரப் பக்கம் 1990களிலிருந்து கமக்காரர்களைத் தின்று வருகிற சிறுநீரக நோய் எங்கள் எல்லைக்குள்ளும் வந்துவிட்டது. இரத்தச் சுத்திகரிப்புக்கு நாள் பார்த்துப் போய்வருகிறவர்களை வவுனியாவில் நான் அறிவேன். காரணம் தண்ணீரா, வெயிலா, நஞ்சா என்று விஞ்ஞானிகள் இன்னும் அடிபடுகிறார்கள். ஆனால் அரசியல்வாதிக்கு ஆய்வு எதற்கு? 2015இல் கிளைபோசேற்றைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையை எடுத்தார்கள். நெல்லுக்குள் இருந்தால் நோய், தேயிலைக்குள் இருந்தால் அந்நியச் செலாவணி.

எங்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. எங்கள் ஊரில் பூச்சிநாசினிக்குப் பெயர் ‘மருந்து’. “மருந்தடிக்கப் போறன்” என்று சொல்லிவிட்டு, முகத்துக்கு ஒரு துணி கட்டாமல், காலுக்குச் செருப்பில்லாமல், காற்றுக்கு எதிராக நின்று அடிப்போம். கடைக்காரர்தான் வைத்தியர். “இலை சுருளுது அண்ணை” என்றால் இரண்டு போத்தல் எடுத்துத் தருவார். ஒன்று கேட்காது, இரண்டையும் கலந்து அடியுங்கோ என்பார். இந்த மருந்து பூச்சிக்கு எவ்வளவு வேலை செய்ததோ, மனிதர்களுக்கும் அவ்வளவு வேலை செய்தது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அப்போது இந்த நாட்டிலேயே பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகம் என்று ஒன்று சத்தமில்லாமல் வேலை பார்த்தது. மிகக் கொடியவற்றைத் தேர்ந்து, 1995இல் மோனோகுரோட்டோபொஸ், 1998இல் என்டோசல்பான், 2008இலிருந்து படிப்படியாகப் பரகுவாட் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். பத்து ஆண்டில் அந்த வீதம் பாதியானது. விளைச்சல் விழவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாங்களும் ஒருவரும் வீதிக்கு இறங்கவில்லை. ஒரு நஞ்சு போனால் அதன் இடத்துக்கு வேறொன்று இருந்தது, விளங்கப்படுத்த ஆள் இருந்தது, காலம் இருந்தது. தடை செய்யத் தெரியாத நாடில்லை இது. தெரிந்த ஆட்களை ஒதுக்கிவிட்டுத் தெரியாத ஆட்களின் கையில் பேனையைக் கொடுத்த நாடு.

ஒதுக்கினார்கள் என்றால் உண்மையாகவே ஒதுக்கினார்கள். பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே இது விளைச்சலைக் கெடுக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகள் பறிபோயின. டிசம்பரில் விவசாய அமைச்சின் செயலாளர் உதித் ஜயசிங்கவே உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று வாய் திறந்தார். சில மணித்தியாலங்களில் கதிரை போயிற்று. நெல்லுக்குப் பசளை வெட்டு, படித்தவனுக்குப் பதவி வெட்டு.

இனி எங்களிடம் கேட்டார்களா என்ற பகுதி. அரசு கேட்கவில்லை. வெரிட்டே ரிசேர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் 2021 யூலையில் நாடெங்கும் விவசாயிகளைக் கேட்டது. சேதனத்துக்கு மாறுவதை ஆதரிக்கிறீர்களா? 64 வீதம் பேர் ஆம் என்றார்கள். இன்னொரு முறை வாசியுங்கள். யூரியாவுக்கு அடிமைப்பட்ட மூடர்கள் என்று தொலைக்காட்சியில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிட்டத்தட்ட ஆம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த ஆதரவாளர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர், ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் தாருங்கள் என்று கேட்டார்கள். தகுந்த சேதனப் பசளை பற்றிப் போதிய அறிவு இருக்கிறது என்றவர்கள் ஐந்தில் ஒருவர். அவகாசம் கேட்டவன் எதிரியானான். தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னவன் நாசகாரன் ஆனான்.

தெரியாததை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் வர்த்தமானி எழுதியவர். அவருக்குக் கணக்கு விட்டுப்போயிற்று. நான் போட்டுக் காட்டுகிறேன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஓர் அந்தர் யூரியாவில் 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. ஆக ஓர் அந்தருக்கு ஈடு 1,500 கிலோவுக்கும் 2,300 கிலோவுக்கும் இடையில். ஏக்கருக்கு இரண்டு அந்தர் என்றால் மூன்று, நாலு தொன். எனக்கு இரண்டரை ஏக்கர், ஆகவே பத்துத் தொன் அளவில். அதுவும் கொட்டிய உடனே பயிருக்குக் கிடைக்காது. மண்ணிலுள்ள நுண்ணுயிர் தின்று செமித்து மெல்ல மெல்ல விடும். மூன்றரை மாதத்தில் கதிர் முற்ற வேண்டிய நெல் அதுவரை வாயைப் பிளந்துகொண்டு நிற்காது.

பத்துத் தொன்னுக்கு மாடு எங்கே? வன்னி மாடுகளில் எத்தனை ஆயிரம் 2009இல் கயிறு அறுத்துவிடப்பட்டுக் காட்டோடு போயின, எத்தனை செத்தன என்று கணக்கெடுக்க எந்த ஆணைக்குழுவும் வரவில்லை. மிச்சமிருந்தவற்றுக்கு மேய்ச்சல் தரை கேட்டுக் கொடுத்த மகஜர்களை அடுக்கினால் ஒரு நல்ல எருக்கும்பி வரும். மேய இடமில்லை, வைக்கோலை மெசின் துண்டு துண்டாக்கிவிடுகிறது, உழவுக்கு ரக்ரர். மாட்டை ஊரிலிருந்து துரத்திவிட்டுச் சாணிக்குச் சட்டம் போட்டார்கள்.

அதனால் சாணிக்குக் கப்பல் விட்டார்கள். சீனாவின் சிங்டாவோ சீவின் நிறுவனத்திடம் 99,000 தொன் சேதனப் பசளைக்கு ஓடர். சொந்த மண்ணின் மரபுக்குத் திரும்புவது என்பது கடல் கடந்து எரு வாங்குவது என்று அப்போதுதான் அறிந்தோம். முதல் 20,000 தொன்னை ஏற்றிக்கொண்டு ‘ஹிப்போ ஸ்பிரிட்’ வந்தது. மாதிரியை எங்கள் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆட்கள் சோதித்தார்கள். உள்ளே எர்வினியா என்ற பக்ரீரியா, பயிரை அழுக வைக்கிறது. வேண்டாம் என்றார்கள். நீதிமன்றம் காசைக் கொடுக்காதே என்று மக்கள் வங்கியைத் தடுத்தது. ஒக்டோபர் கடைசியில் சீனத் தூதரகம் மக்கள் வங்கியையே கறுப்புப் பட்டியலில் போட்டது. நீர்யானையின் பெயரைச் சுமந்த அந்தக் கப்பல் கிழமைக்கணக்காக இலங்கைக் கடலைச் சுற்றியது. 2022 தையில், பருப்பு வாங்க டொலர் இல்லாத நாடு, இறக்காத எருவுக்கு 67 இலட்சம் டொலர் அளவில் கட்டியது. நானும் சில வேளை வாங்காத பொருளுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். ஆனால் அப்போது எனக்கு வெறி.

அந்தக் கப்பல் சுற்றிக்கொண்டிருந்தபோதே ஒரு விமானமும் வந்தது. இந்தியாவின் இப்கோ தயாரித்த நனோ நைதரசன் திரவம். 500 மில்லிலீற்றர் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அரிசியும் இப்படிப் போத்தலில் வந்தால் நல்லது, ஒரு மூடி குடித்துவிட்டுப் படுக்கலாம் என்று மனைவி சொன்னாள்.

ஒக்டோபர் 31. எங்கள் குளத்துக்குக் கீழ் காலபோக விதைப்பு மும்முரம். அன்றுதான் ஜனாதிபதி கிளாஸ்கோவில் காலநிலை மாநாட்டுப் பக்க நிகழ்வு ஒன்றில் பேசினார். தலைப்பு என்ன தெரியுமா? நைதரசன். நைதரசனை மீளக் கண்டறிதல். ஸ்கொட்லாந்தில் அதைக் கண்டறிந்துகொண்டிருந்த நேரம், நெளுக்குளத்தில் நாங்கள் அதைக் கண்ணால் காணாமல் இருந்தோம்.

மார்கழி தொடக்கம். வயல் மஞ்சள். வெயிலில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது, சாகப்போகிறவனுக்குச் சந்தனம் பூசியது போல. ஒரு உத்தியோகத்தப் பிள்ளை வந்தாள், புதிதாக வேலைக்கு வந்தவள், நல்ல பிள்ளை. கையில் இலை நிற அட்டை. நெல் இலையை அட்டையில் உள்ள பச்சைகளோடு வைத்துப் பார்த்து, நிறம் வெளிறினால் இவ்வளவு யூரியா போடு என்று சொல்ல உதவுவது அது. அவள் வரம்பில் குந்தி, ஓர் இலையை நீவி, அட்டையில் ஒவ்வொரு பட்டையாக வைத்துப் பார்த்தாள். கடைசிப் பட்டைக்கும் வந்துவிட்டாள். எங்கள் இலையின் நிறம் அந்த அட்டையில் இல்லை. “ஐயா, இது…” என்று இழுத்தாள். “எழுது பிள்ளை, மஞ்சள் எண்டு எழுது” என்றார் பெரியையா. “என்ன போட வேணும் எண்டும் சேர்த்து எழுது. உன்னட்டை இருந்தா.” அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். மேலே இருந்தவன் செய்த வேலைக்கு வரம்பில் நின்று பேச்சு வாங்க ஒரு இருபத்தைந்து வயதுப் பெட்டை.

அதற்குள் நவம்பர் 24இல் தடையை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதமும் 18 நாளும். ஒரு கன்றுத்தாச்சி மாடு கன்று போடவும் காணாத காலம். பந்தி முடிந்த பிறகு பாயசம் என்பார்களே, அந்தப் பாயசமும் வரவில்லை, அறிவித்தல்தான் வந்தது. பசளை கறுப்புச் சந்தையில் அந்தர் இருபதாயிரத்தைத் தாண்டி ஓடியது, அடுத்த ஆண்டில் நாற்பதாயிரத்தையும் தொட்டது. நாடு முழுவதும் காலபோக நெல், முந்திய ஆண்டு சுமார் 30 இலட்சம் தொன்னாக இருந்தது, 20 இலட்சத்துக்குக் கீழே விழுந்தது. எனக்கு ஏக்கருக்கு 28 மூடை விளைந்த வயல். வெட்டு மெசின் அன்று ஒரு சுற்று வந்து நின்றுவிட்டது. இவ்வளவுதானா என்று ஓட்டுநர் இறங்கி வந்து கேட்டான். பதினொரு மூடை. மெசின் கூலியை அவன் குறைத்து வாங்கினான். அந்த வருடம் எனக்குக் கிடைத்த மானியம் அதுதான்.

அரசு நட்ட ஈடு தருவதாக அறிவித்தது. நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபா. படிவம் நிரப்பினோம். ஒரு கந்தோரில் கொடுத்தோம். இன்னொரு கந்தோருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, ‘பாதிப்புக்கான காரணம்’ என்ற இடத்தில் நான் ‘அரசாங்கம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அதை வெட்டிவிட்டு ‘இயற்கை’ என்று போடச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். இயற்கை விவசாயத்தால் வந்த சேதம், இயற்கை அனர்த்தம்தானே.

சிக்கிம் 2003இல் தொடங்கி 2016இல்தான் தன்னை முழு இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவித்தது. பதின்மூன்று ஆண்டு, அதுவும் முதலிலேயே இரசாயனம் குறைவாகப் பாவித்த மலைநாடு. தமிழ்நாட்டில் நம்மாழ்வார் அரசாங்க ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு, சாகும்வரை ஊர் ஊராக நடந்து விவசாயியோடு குந்தியிருந்து பேசினார். கேட்டவன் கேட்டான், கேளாதவனைக் கழுத்தைப் பிடிக்க அவரிடம் படை இருக்கவில்லை. இங்கே படை இருந்தது, வர்த்தமானி இருந்தது. குந்தியிருக்கத்தான் ஒருவரும் இல்லை. கடைசியில், 2022 யூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்தது. 13இல் அவர் மாலைதீவுக்குப் பறந்தார். கிளாஸ்கோவுக்குப் பறந்ததைவிடக் குறைந்த தூரம், சூழலுக்கு நல்லது.

எனக்கு வயிறெரிவது பதினொரு மூடைக்காக மட்டும் இல்லை. இப்போது எங்கள் ஊரில் ‘சேதனம்’ என்று வாயெடுத்தால் சனம் எழும்பிப் போகிறது. கொழும்பில் டொலர் முடிந்ததை மறைக்க ஒரு நல்ல சொல்லை எடுத்துப் போர்த்தினார்கள். போர்வை கிழிந்தபோது சொல்லும் சேர்ந்து நாறிற்று. 64 வீதம் பேர் ஆம் என்று சொன்ன நாட்டில், இனி யார் வந்து மண்ணைப் பற்றிப் பேசினாலும், “போன முறை மாதிரியோ?” என்று கேட்பார்கள். யூரியாக் கடைக்காரனுக்கு இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தக் கம்பனியும் செய்து கொடுத்திருக்காது. பழைய பழக்கம் இரட்டிப்பாகத் திரும்பியிருக்கிறது. கையில் கிடைக்கும்போதே எறி, நாளைக்கு எவன் தடை செய்வானோ. கனடாவிலிருந்து வீடியோவில் வருகிற மருமகன், “மாமா, நஞ்சில்லாத அரிசியா அனுப்புங்கோ” என்கிறான். ஏக்கருக்கு எத்தனை மூடை குறையும், அதற்கு யார் காசு தருவது என்று கேட்டால் அவனுக்குத் தொடர்பு விட்டுவிட்டுப் போகிறது.

போன மாசிக் கடைசியில் பெரியையாவிடம் போனேன். பின் வளவில், பனையடியில், அரை ஏக்கருக்கும் குறைவான ஒரு துண்டு. ஆட்டக்காரி நெல் அரிவு வெட்டிக் கிடந்தது. சிவப்பு அரிசி, வீட்டுக்கு மட்டும். அதற்கு யூரியாவும் இல்லை, மருந்தும் இல்லை. குழையும் இரண்டு மாட்டின் சாணமும்தான். முன் வயலில் விற்கிற நெல்லுக்கு எல்லாம் போடுகிறார், அது வேறு. பேரப்பிள்ளைக்கு இது, ஆலைக்காரனுக்கு அது. நெளுக்குளத்தில் இப்படி எத்தனை வளவு என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். மண்டபத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

எருக்கிடங்கு எங்கே என்று கேட்டேன். ஒரு மூலையைக் காட்டினார். மேலே ஏதோ விரித்து, நாலு பக்கமும் கல் வைத்திருந்தது.

“ஏன் பெரியையா மூடி வைச்சிருக்கிறியள்?”

“எவனும் கண்டா, திட்டம் ஒண்டு கொண்டந்திடுவாங்கள் தம்பி.”

ஒரு கல்லை எடுத்து ஓரத்தைத் தூக்கினேன். ஆவி அடித்தது. மூடியிருந்தது அந்தப் பனர்தான். சிங்களம் வெயிலில் அழிந்துவிட்டது, ஆங்கிலம் பாதி. அடியில் இருந்த தமிழ் எருவோடு ஒட்டி, பூஞ்சணம் பிடித்து, அந்த ‘ன’ இல்லாமலே அப்படியே இருந்தது.